டர்போ எதனால் செத்தது?

இன்ஜின் பிரிக்கிற இடத்தில் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அதிலும் டர்போ இன்ஜின் என்றால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனாலும் நகர மாட்டேன். டர்போ இல்லாத பழைய இன்ஜினில் கோளாறு தெரிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் காரணமும் இருக்கும். டர்போ வண்டியில் செத்துக் கிடப்பது மேலே இருக்கும். கொன்றது கீழே ஆயில் சம்புக்குள் ஒளிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வழியைக் கண்டுபிடிக்கிறவரைத்தான் நான் மெக்கானிக் என்பேன். மற்றவர்கள் பார்ட்ஸ் மாற்றுகிறவர்கள். அதுவும் தேவையான தொழில்தான், ஆனால் நின்று பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

கோவை கணபதிப் பக்கம் எனக்குத் தெரிந்த பட்டறைக்கு ஒரு ஸ்விஃப்ட் டீசல் வந்தது. கால் டாக்ஸி. உள்ளே இருந்தது நம் சாலைகள் நன்கு அறிந்த 1.3 லிட்டர் இன்ஜின். 2003இல் ஃபியட் ‘மல்டிஜெட்’ என்ற பெயரில் கொண்டுவந்தது அது. 1248 சிசி, நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 69.6 மில்லிமீட்டர் போர், 82 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். மாருதி இதற்கு ‘டிடிஐஎஸ்’ என்று பேர் வைத்தது, டாடா ‘குவாட்ராஜெட்’ என்றது. இத்தனை கம்பெனி வண்டிகளில் உட்கார்ந்ததால் கார்ப் பத்திரிகைக்காரர்கள் இதைத் ‘தேசிய இன்ஜின்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020இல் பிஎஸ்-6 மாசு விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஓடுகிற வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

“டர்போ மாத்தி மூணு மாசங்கூட ஆகலீங்ணா. மறுபடியும் அதே விசில் சத்தம், நீலப் புகை. மேடு ஏறவே மாட்டேங்குது” என்றார் ஓட்டுநர். முதல் தடவை மாற்றியது வேறு எங்கேயோ. பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி: “கழட்டின டர்போ எங்கீங்க?” வாங்கி வரவில்லை. “அது இருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்குமுங்க” என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிய, டர்போவின் பிழைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீணாக வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளும். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரெட் பூஷி 1905லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிறிய கார்களின் டர்போத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். ஒரு முனையில் பல நூறு டிகிரி சூடு, மறுமுனையில் வெளிக்காற்று. நடுவில் பெரும்பாலான டர்போக்களில் பால் பேரிங் கிடையாது. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் தண்டு மிதக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆயில் தனி ஆயில் இல்லை, இன்ஜினின் ஆயிலேதான், ஒரு சிறு குழாய் வழியாக மேலே வருவது. கீழே ஆயில் கெட்டாலோ குறைந்தாலோ முதலில் மூச்சுத் திணறுவது இந்தத் தண்டுதான். ஆகவே டர்போவின் சாவு பல சமயம் இன்ஜினிடமிருந்து வந்த முதல் கடிதம். அதைப் படிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டுப் புது டர்போ மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

ஸ்கேனரை மாட்டினார். ‘பூஸ்ட் குறைவு’ என்றது, அதாவது டர்போ அமுக்கித் தள்ளும் காற்று போதவில்லை. ஸ்கேனரைக் கேலி செய்கிற பழைய மெக்கானிக்குகள் உண்டு, எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. 1600 பார் வரை போகும் அழுத்தத்தில் டீசல் நிற்கிற காமன் ரெயில் இன்ஜினில் ஸ்பானரை வைத்துக் குழாயைத் தளர்த்திச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து. ஆனால் கருவி எங்கே குறைகிறது என்று சொல்லும், ஏன் குறைகிறது என்று சொல்லாது. பூஸ்ட் குறைவதற்கு, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்ததும் காரணமாக இருக்கலாம். அப்படியிருந்தால் கரும்புகை வரும், ஏனென்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. இங்கே வந்தது நீலம். நீலம் என்றால் எரிவது ஆயில்.

ஆயில் எங்கிருந்து வருகிறது? இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் தலைகீழாக வாய் மேல் வைத்தார். மூடி துள்ளியது. பட்டறை மொழியில் ‘பேக் கம்ப்ரஷன்’. ரிங் தேய்ந்து, எரிகிற வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று உடனே முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். இவர் கட்டவில்லை. டர்போ போய்விட்டிருந்தாலும் அதன் வழியாகக் காற்று ஆயில் திரும்பும் குழாயில் புகுந்து சம்பில் அழுத்தம் கூட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ரிங்குக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது. டர்போவைக் கழற்றி வைத்துவிட்டு, குளோ பிளக் துளைகள் வழியாக கம்ப்ரஷன் பார்த்தார். நான்கில் மூன்று சரியாக இருந்தன, மூன்றாவது சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தது.

கழற்றிய டர்போவைக் கையில் எடுத்து, தண்டை இரு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும்; ஆயில் இல்லாதபோது அது இயல்பு. முன்னும் பின்னுமாக இழுத்தால் கைக்குத் தெரிகிற ஆட்டமே இருக்கக் கூடாது. இதில் கடகடவென்று இருந்தது. சக்கரத்தின் ஓரம் கூட்டில் உரசிப் பளபளத்தது. உள்ளே தண்டைப் பார்த்தபோது நீலம் பாய்ந்திருந்தது.

அந்த நீலத்துக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுதலாம். எஃகு சூடேறினால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, பிறகு நீலம். ஆயில் ஒழுங்காக வந்த தண்டில் இந்த நிறம் ஏறாது. அழுக்கு ஆயில் வந்திருந்தால் தண்டில் கோடு கோடாகக் கீறல் இருக்கும், நிறம் மாறியிருக்காது. ஏர் ஃபில்டர் ஓட்டையாகித் தூசு போயிருந்தால் கம்ப்ரசர் இலைகளின் முன்விளிம்பு மணல் தேய்த்ததுபோல் மழுங்கியிருக்கும். டர்பைன் பக்க இலைகள் அடிபட்டிருந்தால் இன்ஜினுக்குள்ளிருந்து ஏதோ உடைந்து வந்து மோதியிருக்கிறது. குளோ பிளக் நுனியோ ரிங் துண்டோ. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பொருள் இத்தனை வகைச் சாவுக்கும் தனித்தனிச் சாட்சி சொல்கிறது. இந்தத் தண்டு சொன்னது ஒன்றுதான்: ஆயில் வரவில்லை.

இதற்கு நடுவே ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. டர்போ சீல் விட்டுப் போய் ஆயில் காற்றுவழியில் கொட்டினால், டீசல் இன்ஜின் அதையே எரித்து ஓட ஆரம்பித்துவிடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். முடியாவிட்டால் தள்ளி நிற்பதே புத்திசாலித்தனம்.

இன்ஜினை இறக்கினார்கள். சம்பைக் கழற்றியதும் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பையன் டீசல் தட்டையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்துவிட்டான். “டேய் தம்பி, டீசலத் தொடாத. மொதல்ல பாரு, அப்புறம் கழுவு” என்று ஒரு அதட்டல். பட்டறைகளில் நான் கேட்டதிலேயே அருமையான வாக்கியம் இதுதான். கழுவிவிட்டால் பார்ட்ஸ் சுத்தமாகும், சாட்சி அழிந்துவிடும்.

ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் கரி மசகு அப்பியிருந்தது. அதற்கு நடுவே சாம்பல் நிறத்தில் புழு மாதிரி சில துண்டுகள். கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார், ரப்பராக இழுபட்டது. சிலிக்கான் பேஸ்ட். முன்பு யாரோ சம்பைக் கழற்றி மாட்டியபோது கேஸ்கெட் பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து, உதிர்ந்து, வலையில் போய் ஒட்டிக்கொண்டது. ஐடிலில் ஆயில் லைட் அணைகிற அளவுக்கு அழுத்தம் இருந்திருக்கும். அவிநாசி ரோட்டில் ஏசி போட்டு வேகமாகப் போகும்போது, சூட்டில் ஆயில் இளகி, பம்ப் கேட்கிற அளவு கிடைத்திருக்காது. டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைக் கழற்றினால் அதன் துளை கரி கட்டி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. முதல் டர்போவை மாற்றியவர்கள் இந்தக் குழாயை மாற்றவில்லை. மாற்றியிருந்தாலும் வலை அடைப்பு இருந்திருக்கும்.

கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கிற இடத்து பிக் எண்ட் பேரிங் ஓடுகளை வரிசையாக ஒரு அட்டைமேல் அடுக்கினார். எந்த சிலிண்டர், மேல் ஓடா கீழ் ஓடா என்று எழுதியபடியே. இந்த ஓடு எஃகு முதுகில் செம்பு அல்லது அலுமினியக் கலவை பூசி, பல வகைகளில் அதற்கும் மேல் மிக மெல்லிய மிருதுப் பூச்சு கொடுத்துச் செய்வது. மிருதுவாக வைப்பது வேண்டுமென்றுதான்: வருகிற தூசைத் தன்னுள் புதைத்துக்கொண்டு, கிராங்கைக் காப்பாற்றித் தான் தேய்வதற்கு. மூன்றாவது சிலிண்டரின் ஓட்டில் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. அதே சிலிண்டரின் பிஸ்டன் பாவாடையில் கீறல். கம்ப்ரஷன் கேஜ் முன்பே காட்டிய மூன்றாவது சிலிண்டர். எல்லாச் சாட்சியும் ஒரே பெயரைச் சொன்னது. பட்டறையில் யாரும் எதுவும் பேசவில்லை. டீ வந்தது, குடித்தோம்.

கட்டுகிற வேலை லேத் பட்டறையில் தொடங்கும். போர் கேஜை சிலிண்டருக்குள் மேல், நடு, அடி என மூன்று உயரத்தில், குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்து அளப்பார்கள். உருளை முட்டையாகியிருக்கிறதா, கூம்பாகியிருக்கிறதா என்று அதில் தெரியும். போரிங் முடிந்தபின் ஹோனிங் கல் சுவரில் குறுக்குக் கோடுகளை விட்டுப் போகிறது. அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கித் தருகிறேன் என்கிற லேத்காரரிடம் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். கிராங்கைக் கிரைண்டிங் செய்யும்போது பேரிங் உட்காருகிற ஜர்னலின் ஓரத்து வளைவு கெடாமல் பார்க்க வேண்டும். அங்கே கூர்மூலை விட்டால் கிராங்க் முறிவது அந்த இடத்தில்தான். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக இறக்கி வாயிடைவெளியை ஃபீலர் கேஜால் பார்ப்பதும் டர்போ இன்ஜினில் கூடுதல் முக்கியம். சூட்டில் ரிங் நீண்டு இரு முனையும் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் ரிங் மேடை பிளந்துவிடும்.

பேரிங் இடைவெளி பார்த்ததை மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். பச்சை நிறத்தில் நூல் மாதிரி ஒரு மெழுகு இழை, ‘பிளாஸ்டிகேஜ்’. ஜர்னல்மேல் ஒரு துண்டு வைத்து, மூடியை உரிய டார்க்கில் முடுக்கி, கிராங்கைத் துளிகூடத் திருப்பாமல் மறுபடி கழற்றினார். இழை நசுங்கிப் பட்டையாகியிருந்தது. உறையில் அச்சிட்டிருக்கும் கோடுகளோடு அதன் அகலத்தை ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அங்கேதான் ஆயில் குடியிருக்கப்போகிறது. பட்டையின் ஒரு முனை மறுமுனையைவிட அகலமாக இருந்தால் ஜர்னல் கூம்பாக இருக்கிறது என்று பொருள். இரண்டும் சமம். “சரியா வந்துருச்சுங்” என்றார், சிரிக்காமல்.

பிறகு நடந்ததில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன், ஏனென்றால் அவசரக்காரர்கள் விடுவது இதை. டர்போ உடைந்த வண்டியின் இன்டர்கூலருக்குள் பழைய ஆயிலும் அலுமினியத் துகளும் தேங்கி நிற்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் புது இன்ஜினை ஓட்டினால் முதல் மூச்சிலேயே உலோகத்தை விழுங்கும். கழற்றிக் கவிழ்த்தபோது கறுப்பாக ஒழுகியது.

ஆயில் குழாய் புதிது, ஸ்ட்ரெய்னர் புதிது. பேஸ்ட்டை நூல் பிடித்ததுபோல் ஒரே கோடாக வைத்தார். டர்போவின் ஆயில் வாயில் சிரிஞ்சால் ஆயில் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினார். இன்ஜெக்டர் வயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டு அடித்தார். அதன்பிறகே வயர் மாட்டி, சாவி. இன்ஜின் பிடித்தது. ஆக்சிலரேட்டரைத் தொட்டுப் பார்க்கத் துடித்த ஓட்டுநரின் கையைத் தட்டிவிட்டார்.

இரவு முழுக்க ஐடிலில் விட்டு ‘செட்’ பண்ணுகிற பழைய வழக்கம் இவருக்கு இல்லை. சுமை இல்லாமல் ஓடினால் ரிங் சுவரோடு படியாமல் சுவர்தான் வழவழத்துப்போகும். அளவான சுமையில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி, 1000 கிலோமீட்டரில் முதல் ஆயிலை மாற்றச் சொன்னார். நெடுந்தூரம் ஓடி வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கவும் சொன்னார், டர்போவில் தங்குகிற ஆயில் கரியாகாமல் இருக்க.

பில்லைப் பார்த்தேன். பிஸ்டன், ரிங், பேரிங், டர்போ, லேத் கூலி, ஆயில் எல்லாம் வரிவரியாக இருந்தன. கடைசியில் ‘லேபர்’ என்று ஒரு வரி. வலையிலிருந்து எடுத்த அந்த ரப்பர்ப் புழுவைக் கண்டுபிடித்ததற்குத் தனியாக ஒரு ரூபாயும் போடவில்லை. உங்கள் வண்டிக்கு இப்படி ஒரு வேலை நடந்தால் பார்ட்ஸ் விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள், லேபர் வரியில் பேசாதீர்கள்.