மாற்ற முடியாத பெயர்: ஆண்ட்ராய்டு செயலிகளின் தொகுப்புப் பெயர் மோதலும் அதன் தீர்வுகளும்

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. திரையில் சின்னத்தின் கீழே தெரிவது ஒன்று. அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஒரே பெயரைப் பல செயலிகள் சூட்டிக்கொள்ளவும் இயங்குதளம் தடை சொல்வதில்லை. மற்றொன்று, பயனரின் கண்ணில் பெரும்பாலும் படாத, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஆங்கில எழுத்துகளின் வரிசையாக அமைந்த தொகுப்புப் பெயர். செயலி உருவாக்குவோர் தம் பேச்சில் இதைப் பேக்கேஜ் நேம் என்பர். வாட்ஸ்அப் செயலிக்கு அது 'காம்.வாட்ஸ்அப்'. இயங்குதளம் ஒரு செயலியை அடையாளம் காண்பதும், அதன் தரவுகளுக்குத் தனிக் கோப்புறை ஒதுக்குவதும், பிளே ஸ்டோர் அதற்கெனப் பக்கம் திறப்பதும் இந்தப் பெயரை வைத்துத்தான். ஒரே தொகுப்புப் பெயர் இரு செயலிகளுக்கு அமைந்துவிடும்போது எழும் மோதலைத் தீர்க்க இன்று கையாளப்படும் வழிகள், சிக்கலைத் தீர்க்கின்றனவா, அல்லது அதன் சுமையை உருவாக்குநரிடமிருந்து பயனரின் தோளுக்கு மாற்றுகின்றனவா என்பதே இங்கு எடைபோடப்படுகிறது.

இந்தப் பெயரிடும் முறை ஆண்ட்ராய்டுக்கு ஜாவா நிரல்மொழியிலிருந்து வந்தது. ஒருவர் தமக்குச் சொந்தமான இணைய முகவரியைத் தலைகீழாக்கி, அதன் பின்னால் செயலியின் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஜாவா வகுத்த வழக்கம். இணைய முகவரிகள் உலக அளவில் ஏற்கெனவே ஒன்றுபோல் மற்றொன்று இல்லாதபடி பதிவு செய்யப்படுவதால், அவற்றின் மேல் கட்டப்படும் பெயர்களும் மோதாமல் இருக்கும் என்பது இதன் அடிப்படை. பெயருக்கென்று புதிய பதிவகம் தேவையில்லை, கட்டணம் இல்லை, யாரிடமும் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒருவரையொருவர் அறியாத இலட்சக்கணக்கானோர் தனித்தனியே பெயர் சூட்டினாலும் தற்செயலாக இரு பெயர்கள் ஒத்துப்போவது அரிதிலும் அரிது. 2008இல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி வெளிவந்த நாளிலிருந்து இம்முறை உடையாமல் நின்றிருப்பது, அதன் எளிமைக்குக் கிடைத்த வெற்றி என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும் அந்த எளிமைக்குள்ளேயே அதன் பெருங்குறையும் இருக்கிறது: பெயரில் உள்ள முகவரி, பெயர் வைத்தவருக்கு உண்மையிலேயே சொந்தமா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பீம் செயலி, கழகத்தின் முகவரியை முறைப்படி தலைகீழாக்கி 'இன்.ஓஆர்ஜி.என்பிசிஐ' எனத் தொடங்குகிறது. இந்திய ரயில்வேயின் பயணச்சீட்டுச் செயலியான ஐஆர்சிடிசி ரயில் கனெக்ட்டோ, ரயில்வே தகவல் அமைப்புகள் மையமான கிரிஸின் முகவரியைத் திருப்பாமல் அப்படியே 'கிரிஸ்.ஓஆர்ஜி.இன்' என்று தொடங்குகிறது. வழக்கப்படி படித்தால் இது 'கிரிஸ்' என்னும் உயர்நிலைப் பெயரின் கீழ் அமைந்த முகவரியாக இருக்க வேண்டும். கணினிக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துகள் வேறு எதனுடனும் ஒத்துப்போகாத வரை அது ஏற்றுக்கொள்கிறது. இதனால் அந்தச் செயலிக்குத் தீங்கு ஏதும் நேர்ந்துவிடவில்லை என்றாலும், தொகுப்புப் பெயரைப் பார்த்து உரிமையாளரை அறியலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு மெலிந்த நூலில் தொங்குகிறது என்பது இதிலிருந்து விளங்கும். பயிற்சி நூல்களில் எடுத்துக்காட்டாக வரும் 'காம்.எக்ஸாம்பிள்' என்ற முன்னொட்டைப் பிளே ஸ்டோர் மறுத்துவிடும். மற்றபடி, முந்திக்கொண்டவருக்கே பெயர்.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய வேறொரு குறையும் உண்டு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே உயர்நிலை இணையப் பெயர்கள் வழங்கப்பட்டுள்ளன. ஆனால் ஆண்ட்ராய்டின் தொகுப்புப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவை மட்டுமே இடம்பெறலாம். தமிழ் முகவரிகள் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாக மாற்றப்படும்போது நடுவே இணைப்புக்கோடுகள் வருகின்றன. அந்தக் கோட்டுக்கும் இங்கே இடமில்லை. தமிழ் முகவரியை முறையாக விலைகொடுத்து வாங்கி வைத்திருப்பவர்கூட அதை உள்ளவாறே தம் செயலிக்குப் பெயராக்க வழியில்லை என்பது, ஜாவா வழக்கம் உருவான காலத்தின் எல்லை இன்றுவரை நீடிப்பதைக் காட்டுகிறது.

மோதல் என்ற ஒரே சொல்லால் சுட்டப்பட்டாலும், நடைமுறையில் அது நிகழும் இடங்கள் வேறு, ஒவ்வோரிடத்திலும் தீர்வின் விலையும் வேறு. முதலாவது, செயலியைக் கட்டும் கணினியிலேயே நிகழ்வது: ஒரே செயலியின் சோதனைப் பதிப்பும் வெளியான பதிப்பும் ஒரே பெயரைச் சுமப்பது. முன்பு நிரலின் உள்கட்டமைப்புக்குரிய பெயரும் வெளியுலகுக்குரிய அடையாளமும் ஒன்றாகவே இருந்தன. ஒன்றை மாற்றினால் நிரல் முழுவதும் மாற்ற வேண்டியிருந்தது. பின்னர் வெளியடையாளம் 'அப்ளிகேஷன் ஐடி' எனவும், செயலி கட்டும் கருவியான கிரேடிலுக்கு 2023இல் வந்த ஆண்ட்ராய்டு செருகுநிரலின் 8.0 பதிப்பிலிருந்து உள்பெயர் 'நேம்ஸ்பேஸ்' எனவும் கட்டாயமாகத் தனித்தனியே எழுதப்படுகின்றன. அடையாளத்தின் இறுதியில் '.டீபக்' என்ற பின்னொட்டைச் சேர்த்துவிட்டால், சோதனைப் பதிப்பும் மக்கள் கையில் உள்ள பதிப்பும் ஒரே கைப்பேசியில் அருகருகே இயங்கும். பின்னொட்டுச் சேர்த்த பிறகும் நிறுவல் தோற்குமானால், பெரும்பாலும் காரணம் உள்ளடக்க வழங்கி எனப்படும் தரவுப் பகிர்வு உறுப்பின் முகவரி இரு பதிப்புகளிலும் ஒன்றாக எழுதப்பட்டிருப்பதே. அம்முகவரியை நேரடியாக எழுதாமல் அப்ளிகேஷன் ஐடியிலிருந்து பெறும்படி அமைத்தால் சிக்கல் நீங்கும். இந்தப் பிரிப்பு ஆண்ட்ராய்டு கருவிகள் செய்த சீர்திருத்தங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று.

இரண்டாவது மோதல், செயலியை முதன்முதலாகப் பிளே ஸ்டோரில் ஏற்றும்போது, இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது, வேறு பெயர் வேண்டும் என்ற மறுப்பாக வருகிறது. இந்நிலையில் பெயரை மாற்றுவதே சரியான வழி. ஒரு பயனர்கூட இன்னும் சேராத நிலையில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. எனினும் கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. ஃபயர்பேஸ் சேவைக்கான கோப்பில் பழைய பெயர் இருந்தால் கட்டும் பணி அங்கேயே நின்றுவிடும்; அது உடனே தெரிந்துவிடுவதால் ஆபத்தில்லை. கூகுள் வரைபடத்துக்கான சாவியும் கூகுள் கணக்கில் நுழையும் வசதியும் அப்படியல்ல. அவை தொகுப்புப் பெயரோடும், செயலிக்கு இடப்படும் மின்னணுக் கையொப்பச் சான்றிதழின் சுவட்டோடும் பிணைக்கப்பட்டவை. பெயர் மாறியதை அவற்றின் பதிவில் சேர்க்காவிட்டால் செயலி குறையின்றிக் கட்டப்பட்டுவிடும், பயனர் கையில் போய்ச் சேர்ந்த பிறகே வரைபடம் வெறுமையாகத் தெரியும். இணையதளத்தின் இணைப்புகளைச் செயலியிலேயே திறக்கச் செய்யும் சான்றுக் கோப்பிலும் பெயரைத் திருத்தியாக வேண்டும்.

வெளியிட்ட பிறகு அதே பெயர்மாற்றம் முற்றிலும் வேறொரு செயலாகிவிடுகிறது. புதிய தொகுப்புப் பெயர் என்றால் இயங்குதளத்தின் கண்ணில் அது புதிய செயலி. பழைய பயனர்களுக்குப் புதுப்பிப்பு செல்லாது, மதிப்பீடுகளும் நிறுவல் எண்ணிக்கையும் தொடராது, பழைய தரவுக் கோப்புறையைப் புதியது திறந்து பார்க்கவும் இயலாது. பெரிய நிறுவனங்கள் இதை நன்கு அறிந்தே நடக்கின்றன. 2017இல் தேஸ் என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமான செயலி மறு ஆண்டே கூகுள் பே ஆயிற்று. சின்னமும் நிறமும் மாறின, ஆனால் அதன் தொகுப்புப் பெயருக்குள் 'பைசா' என்ற சொல் அப்படியே உள்ளது. சிக்னல் செயலியின் தொகுப்புப் பெயர், அது டெக்ஸ்ட்செக்யூர் என்ற பெயரில் மறைகுறியிட்ட குறுஞ்செய்திகளுக்காக வெளிவந்த காலத்துக்குரியது. 2015இல் பெயர் மாறி, பின்னர் குறுஞ்செய்தி வசதியே கைவிடப்பட்டும் 'செக்யூர்எஸ்எம்எஸ்' என்ற ஈறு நிலைத்திருக்கிறது. அழகற்ற பழம்பெயரைச் சுமப்பது, பயனர்களை இழப்பதைவிட மேல் என்ற தெளிவு இதில் உண்டு. மாறாக, கே-9 மெயில் செயலியை அடித்தளமாகக் கொண்டு 2024 அக்டோபரில் வந்த தண்டர்பேர்டு, புதிய தொகுப்புப் பெயரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பழைய செயலியை நீக்காமல் வைத்துக்கொண்டு, அதிலிருந்து அமைப்புகளைக் கொண்டுவரும் வழியையும் செய்துகொடுத்தது. பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்றால், நேர்மையான முறை இதுவே. இத்தகைய வழி ஏதும் அமைக்காமல் புதிய செயலியைப் பதிவிறக்குக என்ற ஓர் அறிவிப்போடு நிறுத்திக்கொள்வது, தம்மை நம்பியவர்களை நடுவழியில் விடுவதாகும்.

மூன்றாவது மோதல் பயனரின் கைப்பேசியிலேயே நிகழ்வது. பாதிப்பில் இதுவே கடுமையானது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் ஓர் இரகசியச் சாவியால் கையொப்பமிடப்படுகிறது. பெயரும் கையொப்பமும் ஒத்திருந்தால் புதிய கோப்பு புதுப்பிப்பாக ஏற்கப்படும். பெயர் ஒத்து, கையொப்பம் வேறுபட்டால், ஏற்கெனவே உள்ள தொகுப்புடன் முரண்படுவதால் நிறுவப்படவில்லை என்ற செய்தியோடு மறுக்கப்படும். இந்தக் கண்டிப்பு இல்லாதிருந்தால், எவரும் ஒரு வங்கிச் செயலியின் பெயரில் கோப்பு ஒன்றைத் தயாரித்து, அதைப் புதுப்பிப்பாக அனுப்பி, உள்ளிருக்கும் தரவுகளைக் கைப்பற்றியிருக்க முடியும். எனவே மறுப்பு சரியானது. சரியில்லாதது, அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் பரிகாரம்: பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுக. நீக்கும்போது தரவுக் கோப்புறையும் அழிகிறது. காப்புப் பிரதி எடுக்காத குறிப்புகளும் கணக்குகளும் மீள்வதில்லை. மேலும், இரு கையொப்பங்களுள் எது உண்மையான உருவாக்குநருடையது என்று பாராமல் பழையதை நீக்கச் சொல்வது, இயங்குதளம் எழுப்பிய எச்சரிக்கையைப் பயனர் கையாலேயே அணைக்கச் செய்வதாகும். திறமூலச் செயலிகளை வழங்கும் எஃப்-டிராய்டு, மூலநிரலிலிருந்து செயலியைத் தானே கட்டிப் பெரும்பாலும் தன் சாவியால் கையொப்பமிடுவதால், பிளே ஸ்டோரிலிருந்து அதற்கு மாறுவோர் இந்தச் சுவரில் அடிக்கடி முட்டுகின்றனர். அங்கே இரு தரப்பிலும் தவறில்லை. அடையாளம் என்பது பெயரும் சாவியும் சேர்ந்தது என்பதை எங்கும் விளக்காத பழக்கத்தில்தான் தவறு இருக்கிறது.

சாவி தொலைந்தால் பெயரும் தொலைந்தது என்பதே நெடுங்காலம் நிலவிய விதி. 2021 ஆகஸ்டு முதல் பிளே ஸ்டோரில் சேரும் புதிய செயலிகளுக்கு இறுதிக் கையொப்பத்தைக் கூகுளே இடுகிறது. உருவாக்குநரிடம் இருப்பது ஏற்றுவதற்கான சாவி மட்டுமே, அது தொலைந்தால் வேறொன்று கேட்டுப் பெறலாம். பெயரை இழக்கும் பெருந்துயரம் இதனால் குறைந்தது. அதே வேளையில் செயலியின் அடையாளத்தில் பாதி உருவாக்குநரின் கையைவிட்டுப் போனது. 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்த உருவாக்குநர் சரிபார்ப்புத் திட்டம் மேலும் ஓரடி செல்கிறது: பிளே ஸ்டோருக்கு வெளியே வழங்கப்படும் செயலிகளும் அடையாளம் உறுதிசெய்யப்பட்டவரின் பெயரில், தொகுப்புப் பெயரோடு பதிவாக வேண்டும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்குவது என்பது அந்த அறிவிப்பு. பெயருக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பை யாரும் பார்ப்பதில்லை என்ற ஆதிக் குறைக்கு இது விடை தருகிறது. ஆனால் முன் அனுமதி வேண்டாத முறையாகத் தொடங்கிய ஒன்று, ஒரே நிறுவனத்தின் பதிவேட்டுக்குள் வந்து முடிவதை எஃப்-டிராய்டு எதிர்த்திருப்பது நியாயமானது. பெயர்ப் பதிவைப் பொதுவான அமைப்பு ஒன்று நடத்தியிருந்தால் அந்த எதிர்ப்புக்கு இடமிருந்திராது.

தனித்த பெயர் பயனருக்கு எந்த அளவுக்குக் காப்பாகிறது என்பதையும் மிகைப்படுத்தக் கூடாது. 2017இல் வாட்ஸ்அப் போலவே தோற்றமளித்த போலிச் செயலி ஒன்று, உருவாக்குநர் பெயரின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்தைச் சேர்த்து, பிளே ஸ்டோரிலேயே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டது. அதற்கும் உண்மையான வாட்ஸ்அப்புக்கும் தொகுப்புப் பெயரில் மோதலே இல்லை. மோதல் மனிதரின் கண்ணில் நிகழ்ந்தது. அதைத் தடுக்கும் விதி ஏதும் தொகுப்புப் பெயர் முறையில் இல்லை.

ஆகவே, முதல் வெளியீட்டுக்கு முன் பெயர்மாற்றம் நல்ல தீர்வு. அதன் பின் அது கடைசிப் புகலிடம் மட்டுமே. உரிமையாளர் மாறினால், பிளே ஸ்டோர் தரும் செயலி மாற்றல் வசதியால் பெயர், பயனர்கள், மதிப்பீடுகள் அனைத்தையும் புதிய கணக்குக்குக் கொண்டுசெல்லலாம் என்பதை அறியாமலே பலர் பெயரை மாற்றிவிடுகின்றனர். கடைக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ செயலி செய்யச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் பணியை ஒப்படைப்போர் இதில் சிறப்பாக விழிப்புடன் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் தம் இணைய முகவரியை முன்னொட்டாக்கி, தம் கணக்கிலேயே வெளியிட்டுவிட்டால், உறவு முறியும் நாளில் செயலியின் பெயரும் பயனர்களும் அவரிடமே தங்கிவிடும். ஒரு முறை பயன்பட்ட தொகுப்புப் பெயரைப் பிளே ஸ்டோர் மீண்டும் எவருக்கும் தருவதில்லை. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, தொகுப்புப் பெயர் எந்த முகவரியிலிருந்து எடுக்கப்படும், பிளே ஸ்டோர் கணக்கு யார் பெயரில் இருக்கும், சாவியும் அதன் கடவுச்சொல்லும் யாரிடம் இருக்கும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுத்தால் பதிந்துகொள்ளுமாறு செயலி செய்விக்கும் ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்வது பொருத்தம்.