நைஸா ஒரு வார்த்தை

நண்பர் கவிதை எழுதி அனுப்புகிறார். 'நைஸ்' என்று பதில் போடுகிறோம். மச்சினி புதுப் புடவையில் போட்டோ அனுப்புகிறாள். நைஸ். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் எப்படி என்று கேட்கிறார்கள். நைஸ் பையன் சார்.

கவிதை, புடவை, பையன் மூன்றுக்கும் ஒரே சர்ட்டிஃபிகேட். யாருக்கும் மனவருத்தம் இல்லை, நமக்கும் வேலை மிச்சம்!

இந்த வார்த்தையின் பூர்விகத்தைக் கொஞ்சம் தோண்டினால் தூக்கிவாரிப் போடும். 'ஒன்றும் அறியாத' என்ற அர்த்தமுள்ள ஒரு லத்தீன் சொல்தான் இதற்கு மூலம். ஃப்ரெஞ்சு வழியாக, சுமார் 1300-வாக்கில் இங்கிலீஷுக்குள் வந்தபோது இதற்கு அர்த்தம், முட்டாள். 'நீங்க ரொம்ப நைஸ் சார்' என்று அன்றைக்கு யாரிடமாவது சொல்லியிருந்தால் கன்னம் பழுத்திருக்கும்.

அப்புறம் அது போகாத ஊரில்லை. ஒழுக்கம் கெட்ட, கூச்ச சுபாவமுள்ள, லேசில் திருப்தியடையாத என்றெல்லாம் அர்த்தம் மாறி, கடைசியில் 'நுணுக்கமான, துல்லியமான' என்ற கௌரவமான இடத்துக்கு வந்து சேர்ந்தது. நடுவில் 'அற்பமான' என்றும் ஓர் அர்த்தம். 1590களில் ஷேக்ஸ்பியர் எழுதிய 'ரோமியோ அண்ட் ஜூலியட்'டில், ரோமியோவுக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் பாதிரியார் லாரன்ஸ் பதறுகிறாரே, அங்கே வருகிற 'நைஸ்' இந்த ரகம். அது ஒன்றும் அற்ப சமாசாரமில்லையே என்கிறார். இன்றைய அர்த்தத்தை வைத்துப் படித்தால் காட்சியே கெட்டுவிடும்.

'இனிமையான, நல்ல' என்பதெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவிய அர்த்தம். பரவியதும் சண்டையும் வந்துவிட்டது. அந்தச் சண்டையை அழகாகப் பதிவு செய்தவர் ஜேன் ஆஸ்டின். அவர் 1817 ஜூலையில் இறந்து, அந்த வருஷக் கடைசியில் வெளியான 'நார்த்தாங்கர் அபி' நாவலில் இருக்கிறது.

நாவலின் கதாநாயகி கேதரினுக்கு ஆன் ராட்கிளிஃப் 1794-ல் எழுதிய திகில் நாவல் 'தி மிஸ்டரிஸ் ஆஃப் உடால்ஃபோ' என்றால் உயிர். உலகத்திலேயே நைஸான புத்தகம் அதுதானே என்று ஹென்றியிடம் கேட்கிறாள். அவர் விடுவாரா? நைஸ் என்றால் கச்சிதம் என்றுதானே அர்த்தம், அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று காலை வாருகிறார். நாளும் நைஸ், நடையும் நைஸ், பெண்களும் நைஸ், எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதுமா என்று கிண்டல் வேறு.

ஹென்றி சொல்வது சரியா? பாதிதான் சரி.

பழைய அர்த்தம்தான் அசல் என்று அடம்பிடித்தால், எவ்வளவு பழசு என்ற கேள்வி வரும். இன்னும் ஐந்நூறு வருஷம் பின்னால் போனால் கேதரின் சொன்னது 'உலகத்திலேயே முட்டாள்தனமான புத்தகம்' என்றாகிவிடும். வார்த்தைகள் மாறத்தான் செய்யும். ஹென்றியின் சகோதரி எலினார், அண்ணனின் கிண்டலுக்கு அதே வார்த்தையாலேயே பதில் சொல்கிறாள்: உங்களுக்குப் புத்தியைவிட 'நைஸ்' அதிகம். அதாவது, நை நை என்று குறை கண்டுபிடிக்கிற குணம் ஜாஸ்தி. ஒரே பக்கத்தில் ஒரு வார்த்தை மூன்று வேஷம் போடுகிறது.

ஆனால் கவனியுங்கள். கொஞ்சம் முன்னால், இதே அத்தியாயத்தில், இதே ஹென்றி இதே நாவலைப் பற்றிப் பேசுகிறார். கீழே வைக்க முடியாமல் இரண்டே நாளில் முடித்தாராம். படித்த நேரமெல்லாம் தலைமயிர் நட்டுக்கொண்டு நின்றதாம். எலினாருக்குப் படித்துக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அவள் ஐந்து நிமிடம் எழுந்து போன நேரத்தில் புத்தகத்தோடு நைஸாக நழுவிவிட்டாராம். அதுவும் அவளுடைய புத்தகம்!

விமர்சனம் என்றால் இதுதான். அந்த நாவல் என்ன ரகம், அவரை என்ன பண்ணியது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. 'நைஸ்' என்ற வார்த்தை இதில் எதையும் சொல்லாது. அர்த்தம் மாறியது குற்றமில்லை. பிரித்துப் பார்க்கிற நுணுக்கத்தைக் குறித்த ஒரு சொல், பிரித்துப் பார்க்காமல் தப்பிக்க உதவுகிறதே, நஷ்டம் அதில்தான். பாராட்டு கிடைத்தவருக்கும் ஏமாற்றம்தான். நாம் படித்தோமா இல்லையா என்றே அவருக்குத் தெரியாது.

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டர் எந்தக் கம்பெனியின் கணக்கிலும் 'நைஸ் பேலன்ஸ் ஷீட்' என்று கையெழுத்துப் போடமாட்டார். 'ட்ரூ அண்ட் ஃபேர்' என்றுதான் எழுதுவார். ஏனென்றால் எழுதியதற்கு நாளைக்கு அவர் பதில் சொல்லவேண்டும். பாராட்டுக்கும் அப்படி ஒரு பொறுப்பு வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய நுணுக்கம் இன்னும் உயிரோடு இருக்கிற ஓர் இடம், நம் வீட்டு அடுக்களை. 'உளுந்து நைஸா அரைபட்டிருக்கா பாரு' என்கிறார்களே, அங்கே நைஸ் என்றால் நைஸ்தான். கொரகொரப்பு வேறு, நைஸ் வேறு. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்துப் பார்க்காமல் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

அடுத்த முறை யாருக்காவது 'நைஸ்' போடுவதற்கு முன்னால், கொஞ்சம் விரலை வைத்துப் பாருங்கள்.