‘அவர்’ ‘நீர்’ ஆகும் இடம்: 23ஆம் திருப்பாடல் குறித்து ஒரு நோக்கு

இறைவேண்டல் குறித்து எழுதப்பெறும் நூல்களுள் பல, எவ்வளவு நேரம் செபிக்க வேண்டும், எம்முறையில் செபிக்க வேண்டும் என்பனவற்றையே விரிவாக ஆராய்கின்றன. இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முந்திய வினா ஒன்று உண்டு. செபிக்கும் வேளையில் நாம் இறைவனை எவ்விடத்தில் வைத்துப் பேசுகிறோம்? தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம் வகுத்தது தமிழ் இலக்கணம். அந்த இலக்கணக் கண்கொண்டு, நாம் அனைவரும் நன்கறிந்த 23ஆம் திருப்பாடலைச் சற்றே நோக்குவோம்.

இப்பாடலை அறியாத கிறிஸ்தவ இல்லம் அரிது. அடக்கத் திருப்பலியிலும், நோயாளர் சந்திப்பிலும், இல்லச் செபங்களிலும் இது ஒலிக்கிறது. பசும்புல் வெளியும் நீரோடையும் ஆட்டுக்குட்டியுமாக நாட்காட்டிப் படங்களில் இடம்பெறுகிறது. இந்தப் பழக்கமே இதன் ஆழத்தைக் காண நமக்குத் தடையாகிவிட்டது. அமைதி தரும் இனிய பாட்டு என்ற அளவில் இதை நிறுத்திக்கொள்கிறோம். பாடலோ அந்த அளவில் நின்றுவிடவில்லை.

ஆறே வசனங்கள் கொண்ட இப்பாடலில், முதல் மூன்று வசனங்களும் இறைவனைப் படர்க்கையில் பேசுகின்றன. அவர் ஆயர், அவர் இளைப்பாறச் செய்கிறார், அவர் நீர்நிலைக்கு அழைத்துச் செல்கிறார், அவர் நேரிய வழியில் நடத்துகிறார். இது சான்று பகரும் மொழி. கேட்போருக்கு இறைவனைப் பற்றி ஒருவர் எடுத்துரைக்கும் மொழி. நான்காம் வசனத்திலோ, யாதொரு முன்னறிவிப்புமின்றி ‘அவர்’ ‘நீர்’ ஆகிவிடுகிறார். இம்மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதே நாம் கருத வேண்டியது. புல்வெளியில் அது நிகழவில்லை. நீரோடை அருகிலும் நிகழவில்லை. சாவின் இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் கால் வைத்த பின்னரே ஆசிரியர் இறைவனை நேர்முகமாக விளிக்கிறார். வெளிச்சத்தில் இறைவனைப் பற்றிப் பேசியவர், இருளில் இறைவனோடு பேசுகிறார்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று என எண்ண இடமுண்டு. எபிரேய மூலத்தில் தலைப்பை நீக்கி எண்ணினால் இப்பாடலில் 55 சொற்கள் உள்ளன. இறைவன் தம்மோடு இருப்பதை ஆசிரியர் அறிக்கையிடும் தொடர் மூன்றே சொற்களால் ஆனது. அதற்கு முன் 26 சொற்கள். அதற்குப் பின் 26 சொற்கள். பாடலின் நட்டநடுவே அமைந்திருக்கிறது அந்த ‘நீர்’. மேலும், முதல் பகுதியில் இறைவன் வழிநடத்துபவராகக் காட்டப்பெறுகிறார். இங்கோ உடன் நடப்பவராக இருக்கிறார். இருளில், முன்னே செல்பவரின் முதுகைக் காண்பதும் அரிது. அருகில் இருப்பவரைத்தான் உணர முடியும்.

நம் இலக்கியத்திற்கும் இவ்விட வேறுபாடு புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் முன்னிலைப் பரவல், படர்க்கைப் பரவல் என்றே பகுதிகள் உள்ளன. அங்கும் பாடுவோர் மேய்ச்சல் குலத்தினர். அங்கும் தீய குறிகளால் எழுந்த அச்சமே பாடலுக்குக் காரணம். ஆனால் அங்கே முன்னிலை முதலிலும், படர்க்கை அதன் பின்னரும் வருகின்றன. திருப்பாடல் ஆசிரியரோ படர்க்கையில் தொடங்கி முன்னிலையை அடைகிறார். அறிந்த இறைவனிடமிருந்து அருகிருக்கும் இறைவனிடம் செல்லும் பயணமாகவே அவர் தம் பாடலை அமைத்திருக்கிறார்.

இதை நாம் குருமடத்தில் கற்றோமில்லை. பல ஆண்டுகளுக்கு முன், கடலோரப் பங்கு ஒன்றில் பணியாற்றியபோது, கடலுக்குச் சென்று திரும்பாத இளைஞர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். இதே திருப்பாடலை வாசித்து, இறைவனின் பராமரிப்பைப் பற்றி நெடுநேரம் விளக்கினோம். அனைத்தையும் கேட்டிருந்த தாய் இறுதியில், “சாமி, நீங்க அவரைப் பத்திப் பேசுறீங்க. எனக்கு அவர்கிட்டப் பேசணும்” என்றார். நம்மிடம் விடையில்லை. முதல் மூன்று வசனங்களிலேயே நின்று நாம் மறையுரை ஆற்றிக்கொண்டிருக்க, அவர் நான்காம் வசனத்தில் நின்றார் என்பது மிகப் பின்னரே விளங்கியது. அன்று நாம் வாய் மூடி, அவர் அழுது கேட்பதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

இப்பாடலின் நேர்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். பள்ளத்தாக்கு அகன்றுவிட்டதாக ஆசிரியர் கூறவில்லை. ஐந்தாம் வசனத்தில் விருந்து ஏற்பாடாகிறது; எதிரிகளும் அங்கேயே இருக்கிறார்கள். ஆறாம் வசனத்தில் நலமும் பேரன்பும் அவரைப் பின்தொடர்வதாகக் கூறுமிடத்தில், பகைவர் துரத்துவதைக் குறிக்கவும் விவிலியம் வழங்கும் எபிரேய வினைச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. துரத்தப்பட்ட ஒருவரே இவ்வாறு பாட முடியும். ஆகவே, இடர் தீர்ந்த பின் நன்றி கூறலாம் எனக் காத்திருப்போருக்கு இப்பாடல் உரியதன்று. இடரின் நடுவே பேசத் துணிவோருக்கு உரியது.

அங்ஙனமாயின் படர்க்கை பயனற்றதா எனச் சிலர் வினவலாம். அன்று. புல்வெளியில் இறைவனை அறியாதவர் பள்ளத்தாக்கில் எவரை விளிப்பார்? மறைக்கல்வியும் விசுவாச அறிக்கையும் படர்க்கையில் அமைந்தவையே. திருப்பலியிலும் நம்பிக்கையை அறிக்கையிட்ட பின்னரே, தந்தையை நேரே விளிக்கும் நற்கருணை மன்றாட்டுக்குள் நாம் நுழைகிறோம். இத்திருப்பாடலும் இறுதியில், ஆண்டவரின் இல்லத்தைப் பற்றிய பேச்சாகப் படர்க்கைக்கே திரும்புகிறது. ஆனால் அவரோடு பேசிய பின் அவரைப் பற்றிப் பேசுபவரின் குரல் வேறு. நம் மறையுரைகள் பல வறண்டு ஒலிப்பதற்குக் காரணம், அந்த இடைப்பகுதியை நாம் தாண்டிக் குதித்துவிடுவதே எனத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எபிரேய முன்னிலைப் பெயரில் மரியாதைப் பன்மை இல்லை; அம்மூலத்தில் உள்ளது எளிய ‘நீ’. நம் மொழிபெயர்ப்புகள் ‘நீர்’ என்றன. அது நம் பண்பாட்டுக்கு உகந்ததே. எனினும் ‘நீர்’ என்னும் சொல் நம்முள் பலருக்கு இல்லப் பேச்சில் வழங்காது, கோவிலில் மட்டுமே ஒலிக்கும் சொல்லாகிவிட்டது. உதடு ‘நீர்’ என்னும்போதே உள்ளம் ‘அவர்’ என்று தொலைவில் நின்றுவிடக் கூடும். இவ்வாபத்து குருக்களாகிய நமக்கே மிகுதி.

எனவே வாசகர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். இன்றிரவு இத்திருப்பாடலை எடுங்கள். முதல் மூன்று வசனங்களை மெதுவாக வாசித்து, புத்தகத்தை மூடிவிடுங்கள். உங்கள் வாழ்வின் பள்ளத்தாக்கு எது என்பதை நீங்களே அறிவீர்கள். அங்கிருந்து, வீட்டில் பேசும் உங்கள் சொந்தச் சொற்களில், அவரிடம் ஒரு வாக்கியமேனும் பேசுங்கள். அது முறையீடாக இருப்பினும் குறையில்லை. அதன் பிறகு நான்காம் வசனத்தைத் திறந்து வாசியுங்கள்.