டக்ளசின் எருதுகளும் கறுப்பர் இறையியலும்

அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற பிரெடரிக் டக்ளஸ் தம் வாழ்க்கை வரலாற்றை ஒருமுறையன்றிப் பலமுறை எழுதினார். 1845, 1855 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு நூல்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஒரு வேறுபாடு புலனாகும். கறுப்பர் இறையியலை ஆராய்வார்க்கு அது பெரிதும் பயன்படும் என்பது எம் கருத்து.

அடிமைகளைப் பணியவைப்பதில் பெயர்பெற்ற கோவி என்பானிடம் இளைஞரான டக்ளஸ் ஒப்படைக்கப்படுகிறார். பழகாத எருதுகளைப் பூட்டி விறகு கொணருமாறு அவன் ஏவுகிறான். எருதுகள் மிரண்டோடுகின்றன, வண்டி கவிழ்கின்றது, வாயிற்கதவு நொறுங்குகின்றது. கோவி மரக்கொம்புகளை வெட்டி, அவை தேயுமளவும் அவரை அடிக்கிறான். முதல் நூலில் நிகழ்ச்சி இவ்வளவே. இரண்டாம் நூலிலோ, எருதுகளைப் போலவே தாமும் பிறர் உடைமை என்றும், அவற்றைப் போலவே தாமும் வசக்கப்பட வேண்டியவர் என்றும் ஒப்புமை காண்கிறார். கோவி தம்மை வசக்க, தாம் எருதுகளை வசக்க வேண்டியிருந்ததையும் அவர் மறைத்திலர். (ஈண்டு அவர் ஆளும் ஆங்கிலச் சொல்லுக்கு முறித்தல் என்னும் பொருளும் உண்டு. நம் உழவர் வழங்கும் ‘வசக்குதல்’ அவ்வன்மையை முற்றும் தாராது.)

முதல் நூலிலும் விலங்கு இல்லாமலில்லை. சொத்து மதிப்பிடும் நாளில் குதிரைகளும் ஆடவரும், மாடுகளும் பெண்டிரும், பன்றிகளும் குழந்தைகளும் ஒரே நிரையில் வைக்கப்பட்டதை அது கூறுகின்றது. ஆண்டு அவ்விணைப்பு இழிவாகவே நிற்கின்றது. பத்தாண்டு கழித்து அதுவே உறவாகின்றது. 1873-இல் நாஷ்வில் நகரில் கறுப்பின உழவர் முன் பேசிய டக்ளஸ், அடிமைமுறை கால்நடைகளையும் கொடுமைக்கு உள்ளாக்கியதைச் சுட்டி, அவற்றை அன்புடன் நடத்துமாறு வேண்டினார்.

இவ்வுறவைப் பின்வந்தோர் எளிதில் ஏற்க இயலாமைக்குக் காரணம் உண்டு. 1906-இல் காங்கோ நாட்டினரான ஓட்டா பெங்கா நியூயார்க்கு விலங்குக் காட்சிச்சாலையில் குரங்குக் கூண்டில் வைக்கப்பட்டார். ஜேம்ஸ் கார்டன் முதலிய கறுப்பினச் சமயகுருமார், தம் மக்களும் ஆன்மா உடைய மாந்தரே என்று வாதிட வேண்டியவராயினர். அந்நிலையில் விலங்கினின்று விலகி நிற்றலே மானங்காக்கும் வழியாயிற்று. அவர்களைக் குறை கூறுதல் தகாது. 1969-இல் கறுப்பர் இறையியலை நூல்வடிவில் நிறுவிய ஜேம்ஸ் கோனும் மாந்தர் மாண்பினையே மையமாகக் கொண்டார்.

2000-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, அடிமைமுறையை விளைத்த தருக்கமே விலங்குகளைச் சுரண்டுதற்கும் இயற்கையை அழித்தற்கும் அடிப்படை என்று கோன் எழுதினார். இஃது உயர்ந்த கூற்றே. எனினும், விலங்கினைத் தொடக்கத்தில் சுட்டிய அக்கட்டுரை விரைவில் நிலவுலகம் என்னும் பொதுமைக்குள் சென்றுவிடுகின்றது. தம்மொடு நுகத்தடிப்பட்ட ஓர் உயிரைக் கண்ணெதிரே நிறுத்தும் டக்ளசின் திண்மை அதனிடம் இல்லை. கறுப்பினக் கிறித்தவர் உண்ணும் உணவிலிருந்தே இவ்வினாவைத் தொடங்கும் கிறிஸ்டபர் கார்ட்டரின் 2021-ஆம் ஆண்டு நூல், அவ்வகையில் கோனினும் டக்ளசுக்கே அணித்தாக நிற்கின்றது.