விருந்தினர் குரலும் ஒரு சாம்பிள்தான்

விருந்தினர் பாடகர்களைக் கூட்டி வந்து தயாரிப்பாளர்கள் போடும் ஹிப் ஹாப் ஆல்பங்கள் மேல் எனக்குப் பொதுவாக நம்பிக்கை கிடையாது. (இங்கே தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் இல்லை, பீட் கட்டுகிறவர்.) பாட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு பாணி. கேட்டு முடித்தால் யாரோ பதிந்து கொடுத்த கலவை கேசட் மாதிரி இருக்கும். விதிவிலக்காக ஒன்று உண்டு. ஹேண்ட்ஸம் பாய் மாடலிங் ஸ்கூல் என்ற இருவர் அணி 1999-ல் வெளியிட்ட 'ஸோ... ஹவ்ஸ் யுவர் கேர்ள்?'. அது ஏன் சிதறிப் போகவில்லை என்பதுதான் என் கேள்வி.

அந்த இருவர் யார்? ஒருவர் நியூயார்க்கின் பிரின்ஸ் பால். டி லா சோல் குழுவின் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' (1989) இவர் தயாரிப்பு. இன்னொருவர் சான் பிரான்சிஸ்கோவின் டான் தி ஆட்டோமேட்டர், கூல் கீத்தோடு சேர்ந்து டாக்டர் ஆக்டகனை உருவாக்கியவர். அணியின் பெயர் 'கெட் எ லைஃப்' என்ற அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடரில் வரும் ஒரு மாடலிங் பள்ளியின் பெயர். இருவரும் செஸ்ட் ராக்வெல், நத்தானியல் மெரிவெதர் என்று புனைபெயர் வைத்துக்கொண்டு அழகுப் பள்ளி நடத்துகிறவர்களாக நடிக்கிறார்கள். தொடரின் வசனத் துண்டுகளும் ஆல்பத்தில் வருகின்றன.

விருந்தினர் பட்டியல் நீளம். டெல், பீஸ்டி பாய்ஸின் மைக் டி, மிஹோ ஹடோரி, ஜான் லெனனின் மகன் ஷான் லெனன், டிஜே ஷேடோ என்று போகிறது. ஆனால் யாருக்கும் பாட்டு எழுதிவைக்கப்படவில்லை. மாடலிங் பள்ளிக்கு வந்தவர்கள் போல, கொடுத்த உடையைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டுப் போகிறார்கள். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி வேண்டிய இடத்தில் வைப்பதுதான் சாம்பிள். இவர்கள் உயிரோடிருக்கும் குரலையும் அதே மாதிரி கையாள்கிறார்கள் என்பது என் வாசிப்பு.

'தி ட்ரூத்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹேர்' நாடகத்துக்கு இசையமைத்த கால்ட் மெக்டெர்மட்டின் 'காஃபி கோல்ட்' என்ற பழைய பியானோ துண்டு லூப்பாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் மொலோகோ குழுவின் ரோஷீன் மர்ஃபி அவசரமே இல்லாமல் பாடுகிறார், பிறகு ஜே-லைவ் ராப் செய்கிறார். ஆள் மாறுகிறது, அறை மாறவில்லை. 'ஹோலி கலாமிட்டி'யில் பாடகரே கிடையாது. டிஜே ஷேடோவும் டிஜே குவெஸ்ட்டும்தான் விருந்தினர், ஸ்க்ராட்ச் சத்தம்தான் குரல்.

இதற்குப் பின்னால் ஒரு வழக்குக் கதை இருக்கிறது. '3 ஃபீட் ஹை'யில் எடுத்தாண்ட ஒரு துண்டுக்காக டர்டில்ஸ் இசைக்குழுவினர் வழக்குப் போட, சமரசத்தில் பணம் கொடுத்துத்தான் தீர்ந்தது. 1991-ல் பிஸ் மார்க்கிக்கு எதிராக நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதிலிருந்து ஒவ்வொரு துண்டுக்கும் முன் அனுமதி, கட்டணம் என்றாகிவிட்டது. ஒரே பாட்டில் பத்து இசைத்தட்டுகளை அடுக்கும் பழைய பாணி கட்டுப்படியாகாமல் போனது. அந்தப் பிஸ் மார்க்கி இந்த ஆல்பத்திலும் ஒரு சின்ன இடைத்துண்டில் தலைகாட்டுகிறார்! இசைத்தட்டுகள் விலையேறிய காலத்தில் நண்பர்களின் குரல்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

குறை இல்லாமலில்லை. இடையில் வரும் நகைச்சுவைப் பேச்சு முதல் தடவை சிரிக்க வைக்கும், ஐந்தாவது தடவை அடுத்த பாட்டுக்குத் தாவ வைக்கும். 'மெகாடன் பி-பாய் 2000'-ல் எல்-பியும் அலெக் எம்பயரும் போடும் இரைச்சல் தனியாகக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. அங்கே மட்டும் விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார்.

2004-ல் வந்த இரண்டாவது ஆல்பம் 'ஒயிட் பீப்பிள்' முழுக்கவே அப்படித்தான். ஆர்ஸா, கேட் பவர், ஜாக் ஜான்சன், லிங்கின் பார்க் ஆட்கள் என்று இன்னும் பெரிய பெயர்கள். ஆனால் ஜாக் ஜான்சன் வந்தால் அது ஜாக் ஜான்சன் பாட்டாகிவிடுகிறது. மரியாதை கூடிப்போச்சு, வெட்டுவதற்குக் கை வரவில்லை. நல்ல பாட்டுகள் உண்டு, ஆல்பம்தான் இல்லை.

முதல் ஆல்பத்தில் 'தி ப்ராஜெக்ட்ஸ்' என்ற பாட்டில் டெல்லோடு சேர்ந்து ராப் செய்பவர் டி லா சோலின் டேவ், அதாவது ட்ரூகாய். அவர் 2023 பிப்ரவரியில் இறந்துபோனார். சாம்பிள் அனுமதிச் சிக்கலும் ஒரு காரணமாக ஸ்ட்ரீமிங்கில் வராமலே கிடந்த டி லா சோலின் ஆரம்ப ஆல்பங்கள் அடுத்த மாதம்தான் அங்கே வந்தன. மனிதர் பார்க்கவில்லை. புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'தி ட்ரூத்'திலிருந்து ஆரம்பியுங்கள், அடுத்து 'தி ப்ராஜெக்ட்ஸ்'. இரண்டையும் ஹெட்போனில் கேட்டுவிட்டு நான் சொன்னது சரியா என்று சொல்லுங்கள்.