ஜெனரேட்டரின் காவலன்

பெரிய மின்நிலையத்தில் ஜெனரேட்டருக்கும் அதன் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே நிற்கும் காவல், ஜெனரேட்டர் சர்க்யூட் பிரேக்கர். மலேசியாவின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், 2019இல் இயங்கத் தொடங்கிய ஜிமா ஈஸ்ட் நிலையத்தின் அலகுகள் தலா 1,000 மெகாவாட். அத்தகைய அலகு 27 கிலோவோல்ட்டில், 0.85 திறன்காரணியில் ஓடினால் மின்னோட்டம் ஏறத்தாழ 25,000 ஆம்பியர். பிரேக்கரைத் தேர்ந்தெடுக்கையில், இதை இடைவிடாமல் தாங்குமா என்பது முதல் கேள்வி.

அடுத்தது, பழுதை அறுக்கும் திறன். மின்கட்டமைப்பிலிருந்து பாயும் பழுது மின்னோட்டம் பொதுவாகப் பெரியது. ஜெனரேட்டர் தருவது சிறியது. ஆனால் அதில் நேர்மின்னோட்டக் கூறு மிகுந்து, சில சுழற்சிகள் வரை சுழியைத் தொடாமலே போகலாம். பிரேக்கர் திறக்கையில் எழும் மின்வில் அணையச் சுழி வேண்டும். பிரேக்கருக்குள் எழும் வில்லின் மின்தடையே அந்தக் கூறைத் தேய்த்துச் சுழியை வரவழைக்கிறது. தான் அணையும் தருணத்தை வில்லே உண்டாக்கித் தருவது, பொறியியலின் அரிய அழகு.