விளையாட்டினுள் ஓர் அன்றாட வாழ்வு: இபெலின் பதிவுகளை முன்வைத்து

முன்னுரை

இணைய விளையாட்டு என்றதும் அடிமைத்தனம், பொழுதுபோக்கு ஆகிய இரு சொற்களே நம் உரையாடலில் முன்வந்து நிற்கின்றன. முன்னது மருத்துவர்க்கும் சட்டம் இயற்றுவோர்க்கும் உரிய சொல். பின்னது வணிகர்க்கு உரியது. இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது, அவற்றினின்று பிற விளையாட்டுகளை வேறுபடுத்திக் காட்ட வேண்டிய தேவை சட்டத்திற்கே ஏற்பட்டது. இலக்கியத் திறனாய்வுக்கும் அத்தகைய தேவை உண்டு. ஒருவர் விளையாட்டில் பேசியனவும் செய்தனவும், அவ்விளையாட்டைப் பற்றியும் தம் நாள்களைப் பற்றியும் அவர் எழுதிவைத்தனவும் ஒரு வாழ்வின் ஆவணங்களாகக் கிடைக்கும்போது அவற்றை எவ்வாறு படிப்பது?

நார்வே நாட்டு இளைஞர் மாட்ஸ் ஸ்டேன் (1989–2014) விட்டுச்சென்ற பதிவுகளையும், அவற்றை அடிப்படையாகக் கொண்டு பெஞ்சமின் ரே இயக்கிய ஆவணப்படத்தையும் (2024) முன்வைத்து இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. விளையாட்டு என்பது அன்றாட வாழ்வின் மறுதலை எனக் கொள்ளப்படுகிறது. ஆயின் விளையாட்டினுள்ளேயே ஓர் அன்றாடம் உருவாகக் கூடும். அதுவே அங்குள்ள உறவுகளுக்கு மெய்ம்மை தருகின்றது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

பதிவுகளின் பின்புலம்

மாட்ஸ் ஸ்டேன் டூஷென் வகைத் தசைச் சிதைவு நோயுடன் பிறந்தவர். பெரும்பாலும் ஆண்குழந்தைகளைப் பாதிக்கும் இம்மரபணு நோய் தசைகளைப் படிப்படியாக வலுவிழக்கச் செய்வது. நடக்கும் ஆற்றல் இளமையிலேயே மறைய, பின்னர் இதயமும் மூச்சுத் தசைகளும் தளர்கின்றன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த மாட்ஸ், பெற்றோர் வீட்டின் கீழ்த்தளத்தில் கணினி முன் நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். இறுதிப் பத்தாண்டுகளில் அவர் விளையாடிய நேரம் 15,000 முதல் 20,000 மணி வரை இருக்கும் என்பர். 2014 நவம்பரில் தம் 25ஆம் வயதில் அவர் காலமானார்.

நட்பு, காதல், பிறர் வாழ்வில் தானும் ஒரு பொருட்டாக இருத்தல் ஆகியவை மகனுக்குக் கிட்டாமலே போயின என்பதுதான் பெற்றோரின் பெருந்துயரமாக இருந்தது. மகன் தன் எழுத்துகளை வெளியிட்டுவந்த இடத்திலேயே தந்தை ராபர்ட் ஸ்டேன் இறப்புச் செய்தியை எழுதி, தம் மின்னஞ்சல் முகவரியையும் தந்தார். அம்முகவரிக்குப் பல நாடுகளிலிருந்து மடல்கள் வரத் தொடங்கின. எழுதியவர்கள் மாட்ஸை 'இபெலின்' என்றே அறிந்திருந்தனர். 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டில் மாட்ஸ் ஏற்றிருந்த பாத்திரத்தின் பெயர் இபெலின் ரெட்மூர். 'ஸ்டார்லைட்' என்னும் விளையாட்டுக் குழுவில் அவர் நீண்ட நாள் உறுப்பினர். அக்குழுவினர் சிலர் அடக்கச் சடங்கிற்கே நாடு கடந்து வந்தனர். மகன் தனிமையில் வாழ்ந்தான் என்று பெற்றோர் கொண்டிருந்த கருத்து, அன்பின் குறையால் விளைந்தது அன்று. திரைக்கு அப்பால் நிகழ்ந்ததைப் படிக்கும் முறை அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இக்குறை அவர்களுக்கு மட்டும் உரியதும் அன்று.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

விளையாட்டைப் பற்றிய நவீனச் சிந்தனைக்கு அடித்தளமிட்ட டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹூய்சிங்கா (1938), விளையாட்டு வழக்கமான வாழ்வினின்று விலகித் தனக்கென இடமும் காலமும் வகுத்துக்கொள்வது என்றார். இவ்வரையறை சதுரங்கத்திற்குப் பொருந்தும். ஆட்டம் முடிந்ததும் பலகை மடிக்கப்படும். 2004இல் வெளிவந்த வார்கிராஃப்ட் விளையாட்டோ முடிவற்றது. அதன் அசெராத் என்னும் உலகம் ஆடுபவர் நீங்கிய பின்னும் இயங்கிக்கொண்டிருக்கும். நாள்தோறும் திரும்பிச் செல்லும் இடத்தை விலகிய இடம் என்று எவ்வளவு காலம் சொல்ல முடியும்?

இவ்விடத்தில் நம் மரபு பயன்தரும் கருத்துகளை வழங்குகின்றது. உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைத் தொல்காப்பியர் வைக்கிறார். அவரது உரியியல் விளையாட்டைக் குறிப்பதாகக் கூறும் 'பண்ணை' என்னும் சொல் கூட்டம் என்னும் பொருளிலும் வழங்குகின்றது. ஆடுதலும் கூடுதலும் ஒரே சொல்லுக்குள் அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

இவற்றினும் சிறப்பாகக் கொள்ளத்தக்கது நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் பகுப்பு. உலகத்தார் ஒழுகலாற்றோடு ஒத்து வருவது உலகியல் வழக்கு. சுவைபட நிகழ்வனவற்றையெல்லாம் ஓரிடத்து நிகழ்ந்தனவாகத் தொகுத்துக் கூறுவது நாடக வழக்கு என்பது இளம்பூரணர் தரும் விளக்கம். இவ்விரண்டும் கூடி அமைவதே புலனெறி வழக்கம். அதாவது, புனைவையும் நடப்பையும் எதிரெதிராக நிறுத்தி ஒன்றைப் பொய்யென்று தள்ளும் போக்கு இங்கு இல்லை. அகத்திணை மாந்தர் இயற்பெயர் சுட்டப்பெறாத நிலையில் பேசுகின்றனர். அதனால் அவர்தம் உணர்வு பொய்யாகிவிடுவதில்லை. அகப்பாடல் முழுதும் புனைந்த மாந்தரின் கூற்று. இபெலினுக்குப் பின்னாலோ உயிருள்ள ஒருவர் பதில் எதிர்பார்த்து அமர்ந்திருந்தார். இவ்வேறுபாட்டை மறவாமலே இவ்வொப்புமையைக் கொள்ள வேண்டும்.

பதிவுகளின் மொழி

இணையத்தில் பலர் கூடி ஆடும் பாத்திர விளையாட்டின் முன்னோடி, 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்டு பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' என்பதாகும். அதில் படங்கள் இல்லை. இடமும் செயலும் பேச்சும் எழுத்தாலேயே ஆனவை. வண்ணமும் அசைவும் பின்னர் வந்து சேர்ந்தன எனினும், பாத்திரமேற்று ஆடுவோரிடையே எழுத்தின் முதன்மை மறையவில்லை. ஸ்டார்லைட் குழுவினரும் அத்தகையோரே.

இவ்வெழுத்தின் இலக்கணம் தனித்து நோக்கத்தக்கது. பாத்திரத்தின் பேச்சைத் தன்மையிடத்தில் எழுதுபவர், அதே பாத்திரத்தின் செயலைப் படர்க்கையில் எழுதுகிறார். செயலைத் தெரிவிக்கும் கட்டளையைப் பயன்படுத்தும்போது விளையாட்டே பாத்திரத்தின் பெயரை முன்னால் இட்டுவிடும். 'நான் அணைக்கிறேன்' என்பதற்கு அங்கு இடமில்லை. 'இபெலின் அணைக்கிறான்' என்றே திரையில் தோன்றும். பாத்திரத்தினின்று விலகி ஆடுபவராகப் பேச விரும்பினால் அப்பேச்சை இரட்டை அடைப்புக்குறிக்குள் இடுவது வழக்கம். ஒரே உரையாடல் ஓட்டத்தில் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இவ்வாறு அவர்களே பிரித்துக் குறித்துக்கொள்கின்றனர். எது ஆட்டம், எது நடப்பு என்பது தெரியாமல் மயங்கியவர்களின் மொழியில் இத்தகைய குறியீடு தோன்றியிருக்க இயலாது.

அசைய இயலாத உடலைக் கொண்ட ஒருவர் தம் செயல்களைப் படர்க்கையில் எழுதுகிறார் என்பது இங்குக் கூடுதல் பொருள் பெறுகிறது. ரூமர் என்னும் பாத்திரத்தை முதன்முதலாகச் சந்தித்ததை மாட்ஸ் எழுதியுள்ளார். இபெலின் தீயருகே அமர்ந்திருக்கிறான். ரூமர் திடீரென வெளிப்பட்டு அவன் தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறாள். தொப்பியைப் பறிப்பது, துரத்துவது போன்ற சிறு குறும்புகள் உடலுடையோர்க்கு மிக எளியவை. மாட்ஸுக்கு அவை எழுத்தின் வழியாகவே கிட்டின. அந்த உலகில் தம்மைக் காண்பவர் சக்கர நாற்காலியை முதலில் காண்பதில்லை என்பதையும் அவர் அதே எழுத்தில் உணர்த்துகிறார்.

அரைமணி நேர ஓட்டம்

பதிவுகளுள் மிகுந்த பொருள் பொதிந்ததாக இக்கட்டுரையாளர் கருதுவது பெரும்போர்களோ வெற்றிகளோ அல்ல. நாள்தோறும் விளையாட்டினுள் நுழைந்ததும் இபெலின் ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடுவது வழக்கம். அவ்வோட்டத்தில் பரிசு இல்லை, எதிரி இல்லை, கதை நகர்வும் இல்லை. ஒருவர் காலையில் எழுந்து தெருவில் நடந்து வருவதற்கு இணையானது அது.

மாட்ஸ் தம் விளையாட்டை ஒரு 'தப்பித்தல்' என்று தாமே குறித்ததுண்டு. ஆசிரியர் கூற்று என்பதாலேயே அதனை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டியதில்லை. தப்பிச் செல்பவர் புதுமையையே நாடுவர். நாள்தோறும் அரைமணி நேரம் ஓடி, தெரிந்தவரை நலம் கேட்டு, அவர்களின் குறைகளைக் கேட்டிருப்பவரிடம் காணப்படுவது வழக்கத்தின் அமைதியாகும். அதனைக் குடியிருத்தல் எனக் கூறுவதே பொருந்தும்.

குடியிருந்ததன் விளைவுகள் விளையாட்டிற்கு வெளியிலும் காணப்பட்டன. ரூமர் பாத்திரத்தை ஏற்றிருந்த நெதர்லாந்துப் பெண்ணின் கணினியைப் பெற்றோர் எடுத்துவிட, அவர் மனச்சோர்வுக்கு ஆளானார். மாட்ஸ் அப்பெற்றோருக்கே மடல் எழுதி மகளின் நிலையை எடுத்துரைத்தார். டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தாய்க்கும், ஆட்டிச நிலையினால் நெருக்கம் காட்ட இயலாதிருந்த மகனுக்கும் இடையே, விளையாட்டினுள் முதலில் பேசவும் அணைக்கவும் அவர் வழிகாட்டினார். பெற்றோர் ஏங்கிய 'பிறர் வாழ்வில் ஒரு பொருட்டாக இருத்தல்' என்பது அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே நிகழ்ந்துகொண்டிருந்தது.

மறைத்தலும் வெளிப்படுத்தலும்

இவ்வாழ்வைக் குறையற்றதாகக் காட்டுவது திறனாய்வு ஆகாது. மாட்ஸ் தம் நோயை நண்பர்களிடம் பல ஆண்டுகள் மறைத்தார். நேரில் சந்திக்கவும் முகம் காட்டிப் பேசவும் அழைப்பு வந்தபோது தவிர்த்தார். நெருங்கி வந்தோரிடம் சினந்தும் விலகியும் அவர் புண்படுத்திய தருணங்கள் படத்தில் இடம்பெற்றுள்ளன. முகமூடி விடுதலை தருகிறது என்பது ஒரு பாதி உண்மை. அதே முகமூடி, பிறர் தமக்கு ஆறுதல் கூறும் வாய்ப்பைத் தடுத்துவிடுகிறது என்பது மறுபாதி. பிறர் துயரைக் கேட்ட இபெலினிடம் அவன் துயரைக் கேட்க ஒருவரும் இல்லாத நிலையை மாட்ஸே உருவாக்கினார்.

2013இல் அவர் தம் நோயைப் பற்றி எழுதத் தொடங்கினார், குழுவினரும் படித்தனர். உறவுகள் அதனால் முறியவில்லை, ஆழம் பெற்றன. நாடக வழக்கில் தோன்றிய நட்பு உலகியல் வழக்கின் சுமையையும் தாங்கியது என்பதே அந்நட்பின் மெய்ம்மைக்குச் சான்று. இவ்வெளிப்பாட்டுக்குப் பின் மாட்ஸ் வாழ்ந்த காலம் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

ஆவணப்படத்தின் தேர்வு

2024 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட ரேயின் படம், உலக ஆவணப்படப் பிரிவில் இயக்கத்திற்கான விருதையும் பார்வையாளர் விருதையும் பெற்றது. படத்தின் அமைப்பு கூர்மையானது. முதலில் குடும்பத்தினர் எடுத்த காணொளிகளின் வழியே பெற்றோர் கண்ட மாட்ஸின் வாழ்வு இறப்புவரை சொல்லப்படுகிறது. பின்னர் அதே வாழ்வு, பாதுகாக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 42,000 பக்க உரையாடல், செயல் பதிவுகளைக் கொண்டு, விளையாட்டின் உருவங்களாலான அசைவூட்டக் காட்சிகளில் மீண்டும் தொடங்குகிறது. பெற்றோர் செய்த படிப்புப் பிழையைப் பார்வையாளரையும் செய்யவைத்து, பின் திருத்துவது இவ்வமைப்பின் வெற்றி.

எனினும் இளம்பூரணர் விளக்கத்தை இங்கு மீண்டும் நினைவுகூர வேண்டும். சுவைபட வருவனவற்றை ஓரிடத்துத் தொகுப்பதே நாடக வழக்கு. 42,000 பக்கங்களினின்று ஒன்றேமுக்கால் மணி நேரத்திற்கு உரியன தெரிந்தெடுக்கப்படும்போது சந்திப்பு, பிணக்கு, மன்னிப்பு ஆகியன நிற்கின்றன; எவரும் எதையும் பேசாத மாலைகள் உதிர்ந்துவிடுகின்றன. எழுத்தாக இருந்தவற்றுக்கு நடிகர்களின் குரலும் பாவனையும் வந்து சேர்கின்றன. படர்க்கையில் எழுதப்பட்ட ஒரு செயலைப் படிப்பவர் தாமே நிரப்பிக்கொள்ளும் இடைவெளி, காட்சியில் நிரப்பப்பட்டே வருகிறது. இது இயக்குநரின் குற்றம் அன்று, கலையின் இயல்பு. ஆயின் படத்தை மட்டும் கண்டு பதிவுகளை மதிப்பிடுவோர், மாட்ஸின் வாழ்வு வியப்பூட்டும் நிகழ்ச்சிகளால் ஆனது எனக் கொள்ளக்கூடும். அவ்வாழ்வின் சிறப்பு அதன் வழக்கத்தன்மையிலேயே உள்ளது. அரைமணி நேர ஓட்டத்தைப் படம் விடாது காட்டியிருப்பது இவ்வகையில் பாராட்டத்தக்கது.

இவ்வொரு வாழ்வைக் கொண்டு இணைய விளையாட்டு முழுமைக்கும் நற்சான்று வழங்கவும் இயலாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு (2022 முதல் நடைமுறை) விளையாட்டுக் கோளாற்றை ஏற்றுள்ளது. ஆயின் அதுவும் மணிக்கணக்கை அளவுகோலாகக் கொள்ளவில்லை. கட்டுப்பாடு இழத்தல், வாழ்வின் பிறவற்றினும் விளையாட்டுக்கே முதன்மை தருதல், தீங்கு விளைந்தும் தொடர்தல் ஆகியவற்றையே நோக்குகிறது. நேரத்தை எண்ணாமல் அந்நேரம் எதனால் நிறைந்தது எனக் கேட்க வேண்டும் என்பதில் மருத்துவமும் திறனாய்வும் உடன்படுகின்றன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இபெலின் பதிவுகளில் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் ஆடுவோராலேயே மொழியளவில் வேறுபடுத்தப்படுவதும், வாழ்வளவில் அவை ஒன்றையொன்று தாங்கி நிற்பதும் புலனாகின்றன. தப்பித்தல் என்னும் சொல் இப்பதிவுகளை விளக்கப் போதாது. விளையாட்டினுள் அமைந்த அன்றாடமே அவற்றின் உயிர்நாடி. ஆவணப்படம் அவற்றுக்கு வாயிலாக அமைகிறதே தவிர, மாற்றாக அமையவில்லை.

இந்திய மொழிகளிலும் இளைஞர் பலர் இவ்வாறு ஆடியும் எழுதியும் வருகின்றனர். அவை பெரும்பாலும் அழிந்துபோகக் கூடியவை. தொகுத்துக் காப்பார் இருந்தமையாலேயே இபெலின் நமக்குக் கிடைத்தான். ராபர்ட் ஸ்டேன் தம் மின்னஞ்சல் முகவரியைத் தராதிருந்தால், அவ்விணையரின் மகன் அவர்கள் நினைவில் தனியனாகவே இருந்திருப்பான். அடுத்த அறையில் கணினி முன் அமர்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்பதற்கு இறப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை.